அப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் மாற்றிய கதை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது, பயந்துவிடாதே, கடிதம் முழுக்கப் படித்தால் நல்ல சேதி என்று தெரியும். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பாலம் கட்டுகிற இடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமல், நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நம்பித்தான் ஆக வேண்டும், போனை எடுத்தால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். எத்தனை முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், மணி அடிக்கிறது, நிற்கிறது. செய்தி அனுப்பினால் பார்க்கவும் மாட்டேன் என்கிறாய். பிடிவாதத்தில் அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ கடைசியாக அனுப்பிய குரல் பதிவை மருந்துக்கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டேன். விடுமுறைக்கு வரப்போவதில்லை, அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அவ்வளவு தூரத்து வேலைக்குப் போகாதே என்று அவர் சொன்னதை மீறிப் போனதை மனதில் வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ என்று ஒரே வார்த்தையில் முடித்துப் போனை என்னிடம் தள்ளிவிடுகிறார், நான் வரட்டுமாப்பா என்று நேராகக் கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது, கூப்பிடாத வீட்டுக்கு எதற்கு வர வேண்டும் என்று அழுதாய். கடைசியில் என்னிடம் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்டு அவரிடமே கேட்க ஆரம்பித்துவிட்டாய். வாடிக்கையாளர் ஒருவர் இருமல் மருந்து கேட்டு மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தேன். இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டாதீங்க என்று அதில் சொல்லியிருந்தாய். காட்டிவிட்டேன். காட்டினேன் என்றால் கொஞ்சநஞ்சமாக அல்ல, தெருவுக்கே கேட்கிற மாதிரி. இரு, இரு, போனைத் தூக்கிச் சண்டைக்கு வராதே, வந்தாலும் சந்தோஷம்தான், ஆனால் முதலில் கதையைக் கேள். எனக்குத் தலைகால் புரியவில்லை, எங்கே ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. உன் அம்மா தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் மாற்றியிருக்கிறாள்! அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாங்கி வந்து முன்னறையை அடைத்து வைத்தாரே, அதேதான். பாத்திரத் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற இயந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்த மனுஷன், இனியாவது பாட்டுக் கேட்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் போகப் போகச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மேல்வீட்டு டியூஷன் டீச்சர் இறங்கி வந்து, சார், நான் பிள்ளைங்களுக்குப் பெருக்கல் சொல்லிக் குடுத்தா அதுங்க உங்க பாட்டத் திருப்பிப் பாடுதுங்க என்று சொல்லிப் பார்த்தாள். இவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆமாமா, நல்ல பாட்டு என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கோபம்தான். வயதாக ஆக வீம்பு கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு நாள் பாட்டு நடுவில் டப்பென்று நின்றுவிட்டது. சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டது. வீட்டில் மற்ற விளக்கும் விசிறியும் ஓடுகின்றன, இது மட்டும் செத்துக் கிடக்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. போனால் போகட்டும், வீட்டுக்கு அமைதி வந்தது என்று நான் வாய்விட்டே சொன்னேன், அதற்கும் தட்டையே பார்த்துக் கிளறிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தால், இவர் ஆம்ப்ளிஃபயரை முன்னுக்கு இழுத்துப் போட்டு, முதுகுப் பக்கம் குனிந்து, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில் சாக்லெட் சுற்றி வருகிற வெள்ளிக் காகிதம்! பிளக் பாட்டுக்குச் சுவரில் மாட்டியபடியே இருக்கிறது. என்னங்க, தொடாதீங்க, கையை எடுங்க என்று வாசலிலிருந்தே கத்துகிறேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்று இன்னும் ஆத்திரம் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதுதான் நிமிர்ந்து, அட, எப்ப வந்தே என்று கேட்கிறார் மனுஷன், ஒன்றுமே நடக்காத மாதிரி.

விஷயம் என்னவென்றால், பின்பக்கம் மின்சாரக் கம்பி உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு மூடி இருக்கிறது, அதற்குள்தான் ஃபியூஸ் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எரிந்துபோயிருந்தால் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றித் திரும்ப உள்ளே தள்ளினால் ஓடும், ஃபேக்டரியில எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம் என்றார். நல்லாப் பண்ணினீங்க, ஃபேக்டரி இன்னும் நிக்குதா, எரிஞ்சு போச்சா என்று கேட்டேன். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற மெல்லிய கம்பி எதற்கு இருக்கிறது, அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் முதலில் தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றத்தானே. வெள்ளிக் காகிதம் அறுக்காது, பாய்கிறதெல்லாம் பாயட்டும் என்று விட்டுவிடும், பெட்டி சூடேறி, புகைந்து, அப்புறம் திரைச்சீலை, அப்புறம் வீடு. அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மேல்வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு படிக்கிறார்கள் என்று சொல்லித் திட்டினேன். போட்ட போட்டில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ வெறி வந்துவிட்டது. கடையில் இன்சுலின் குளிர்பெட்டியின் ஸ்டெபிலைசருக்கு மெக்கானிக் ஃபியூஸ் மாற்றுவதை எத்தனை முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நானே மாற்றிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நிதானமாகத்தான் செய்தேன். பிளக் சுவரைவிட்டு வெளியே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்து, அதன் முனையை என் கண்ணெதிரே தரையில் போட்டு வைத்துக்கொண்டேன், யாராவது மறதியாக மாட்டிவிடக் கூடாது பார். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது சிட்டு, பிளக்கே வெளியே வர வேண்டும், நீயும் அங்கே ஞாபகம் வைத்துக்கொள். ஒரு டீ போட்டுக் குடித்து முடிக்கிற வரைக்கும் பெட்டியைத் தொடவில்லை. பிறகு அந்தக் கறுப்பு மூடியை ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தி இடப்பக்கம் திருப்பினேன், பேனா மூடி மாதிரி ஃபியூஸையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கண்ணாடி உள்பக்கமெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்திருந்தது. அதன் முனையில் இருக்கிற உலோகத் தொப்பியில் என்னவோ பொறித்திருந்தது, வெறுங்கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்தது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிற லென்ஸ் என் கைப்பையிலேயே இருக்கிறதே, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். T எழுத்து, 3.15 ஆம்பியர், 250 வோல்ட். பெட்டியின் முதுகிலும் அதே எண்கள், இதே வகை, இதே அளவு மட்டும் போடவும் என்று எச்சரிக்கையும் அச்சடித்திருந்தது. எங்கள் தொழிலில் அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, கொடுக்கும்போது ஒரு தடவை, மிச்சத்தைத் திரும்ப வைக்கும்போது ஒரு தடவை என்று மூன்று முறை சீட்டைப் படிப்போம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயே என்னைக் கேலி பண்ணுவாய். அந்தப் பழக்கத்தில் இதையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். அப்பா சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேருமாக மின்சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லாரும் பல்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்கும் நினைவிருக்கும், பேசிக்கொண்டே இருப்பார். எரிந்த ஃபியூஸைப் பார்த்ததும், அம்மா, இதுக்குப் போய் அலையறீங்களே, பத்து ஆம்பியர் தர்றேன், போட்டுட்டு மறந்துடுங்க, ஜென்மத்துக்கும் போகாது என்றார். போகாதுன்னா எதுக்கு ஃபியூஸ்னு பேரு, இரும்பு ஆணின்னு சொல்லுங்க என்றேன். சரி என்று உள்ளே போய் மூன்று ஆம்பியரில் ஒன்று கொண்டுவந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தால் T இருக்க வேண்டிய இடத்தில் F இருக்கிறது. எல்லாம் ஒண்ணுதான்மா என்கிறார். ஒண்ணு இல்ல, ஒண்ணா இருந்தா எழுத்த மாத்திப் போடுவானா, ஐம்பது மில்லிகிராம் கேட்டவருக்கு ஐந்நூறு குடுத்துட்டு ஒண்ணுதான்னு நான் சொன்னா நீங்க விடுவீங்களா என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் சிரித்துவிட்டார். அது நெசம்தாம்மா, ஆம்ப்ளிஃபயர் போட்டதும் ஒரு நொடி அதிகமா மின்சாரத்த இழுக்கும், F உடனே அறுந்துடும், T கொஞ்சம் பொறுத்துப் பாத்துத்தான் அறும் என்று அவரே விளக்கம் சொல்லிவிட்டு, ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை இறக்கினார். T 3.15. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! மூன்று எடுத்துக்கொண்டேன். பெட்டியோட மேல்மூடியத் தொறந்து கிறந்து பாக்காதீங்க, பிளக்க எடுத்தாலும் உள்ள கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும், கைய வெச்சா தூக்கிப் போட்டுடும் என்றும் எச்சரித்து அனுப்பினார், நல்ல மனுஷன். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு ஃபியூஸையும் மீட்டரில் வைத்துப் பரிசோதித்துக் கொடுத்தார், நல்லதாக இருந்தால் மீட்டர் கீச்சென்று கத்துகிறது. கத்தியது. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னப்பா உன் மெஷின் கெட்டுப்போச்சா, சத்தமே வரலையே என்றார். பல்புக்காரர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். வழியெல்லாம் அது மட்டும் என் மண்டைக்குள் உறுத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்து புது ஃபியூஸை மூடியில் செருகி, உள்ளே தள்ளி, வலப்பக்கம் திருப்பி, அதற்குப் பிறகுதான் பிளக்கைச் சுவரில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு வந்தது! நான் கைதட்டினேன் சிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அப்பா பாய்ந்து வந்து பாட்டை வைத்து, குமிழை ஒரே திருகாகத் தன் வழக்கமான இடத்துக்குத் திருகினார். டப். விளக்கு அணைந்துவிட்டது. பாட்டு ஒரு வரிகூட வரவில்லை. பாத்தியா, நான் சொன்னேன்ல, இதெல்லாம் தாங்காது, பத்து ஆம்பியர் போட்டிருக்கணும் என்று குதி குதி என்று குதித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. காய்ச்சல் மாத்திரை குடுத்து இறங்கின காய்ச்சல் மறுபடி ஏறினா மாத்திரைய நாலு மடங்கா ஆக்குவாங்களா, எதனால காய்ச்சல்னு பாப்பாங்களா, ஃபியூஸ் ரெண்டு தடவ போச்சுன்னா தப்பு ஃபியூஸ்ல இல்ல, வேற எங்கியோ இருக்கு என்றேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் யாரிடமோ பேசுகிறேன் என்கிற மாதிரி.

மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினேன். இந்த முறை பின்பக்கத்தில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, குமிழைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, இரண்டாவது ஃபியூஸைப் போட்டேன். பிளக், ஸ்விட்ச், விளக்கு வந்தது. குமிழை மெல்ல ஏற்றினேன். விளக்கு அசையவில்லை! ஸ்பீக்கர் இல்லாததால் பாட்டு இல்லை, ஆனால் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. ஆக, நோய் பெட்டியில் இல்லை, கம்பியில் இருக்கிறது. யாராவது என்னைத் தூக்கிச் சுற்றினால் தேவலை என்று இருந்தது, அப்படி ஒரு சந்தோஷம். திரும்பவும் பிளக்கை எடுத்துவிட்டு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடப்பக்க ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியின் நுனியில் உறை பிய்ந்து செம்பு இழைகள் வெளியே வந்திருந்தன, தலைமுடி போல மெல்லிய ஒரே ஒரு இழை விலகிப் பக்கத்துக் கம்பியைத் தொடுகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. சிவப்பும் கறுப்பும் அப்படித் தொட்டுக்கொண்டால் ஃபியூஸ் எப்படித் தாங்கும். முதல் ஃபியூஸின் கண்ணாடி கரி பூசின மாதிரி கறுத்ததும் அதனால்தான். சரி, நுனி ஏன் பிய்ந்தது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், அது விறைப்பாக இழுபட்டு நிற்கிறது. சுவரோரம் இருக்க வேண்டிய ஸ்பீக்கர், அறையின் நடுவே அப்பா உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் தலைக்கு ஒட்டினாற்போல நிற்கிறது. தரையில் இழுத்த கோடுகூட இருக்கிறது. நான் பெருக்கும்போதெல்லாம் பார்த்தவள்தான், என்றைக்கு நகர்ந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறார் போல.

இத ஏங்க இங்க இழுத்துப் போட்டீங்க என்று கேட்டேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை. திட்டப்போனவள், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன் சிட்டு. வாசலிலிருந்து கத்தியது, டீச்சரைப் பார்த்துச் சிரித்தது, கடையில் மீட்டர் கீச்சென்றது, போனைக் காதில் வைத்த உடனே என்னிடம் தருவது, எல்லாம் ஒன்றாக வந்து பொறி தட்டியது. எழுந்து போய் அவருக்கு நேர் எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டேன், உங்களுக்குக் காது கேக்கலையா. என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆம்பளைங்க பேசினா ஓரளவு புரியுது, பொம்பளைங்க குரல் எல்லாம் முணுமுணுன்னுதான் இருக்கு, நேரா நின்னு பேசினா சமாளிச்சுக்கறேன், போன்ல சுத்தமா ஒண்ணும் புரியல என்றார். ரொம்ப நாளாகவாம். இவ்வளவு நாளா சொல்றதுக்கென்ன என்று நான் கத்தினேன், அது கேட்டது போலிருக்கிறது, ஏனென்றால் அவரும் கத்தினார். சொன்னா நீ அவகிட்ட சொல்லுவே, அவ வேலைய விட்டுட்டு அப்பாவப் பாத்துக்கறேன்னு ஓடி வந்துடுவா, அவ பாலத்த யாரு கட்டறது என்றார். கேட்டாயா? போகாதே என்று சொன்ன அதே மனுஷன்தான். பாதிப் பாலத்தில் நீ திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக, நீ என்ன பேசினாலும் சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லி ஓடியிருக்கிறார். நீ கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவே இல்லை. கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் கம்பியை எடுத்தேன். பிய்ந்த நுனியை வெட்டிவிட்டு, உறையைத் தேவையான அளவு மட்டும் சீவி, இழைகளை முறுக்கி ஒன்றாக்கி, ஒரு இழைகூட வெளியே தெரியாமல் மாட்டினேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஸ்பீக்கரை அவர் பக்கத்திலேயே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத்தான் அதை நோக்கி நகர்த்தினேன், கம்பி தொளதொளவென்று தரையில் கிடக்கும்படி. குமிழ் பூச்சியத்தில். பிளக். ஸ்விட்ச். விளக்கு. மெல்ல ஏற்றினேன், பாட்டு வந்தது! விளக்கு நின்றது! அப்பா எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கல்யாணத்துக்குப் பிறகு இப்படிப் பிடித்ததாக ஞாபகமே இல்லை, போ. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உன் பழைய மேசை இழுப்பறையில், போனை ஸ்பீக்கரோடு இணைக்கிற கம்பி ஒன்று விட்டுப் போயிருந்தாயே, அதை எடுத்து வந்து ஒரு முனையை என் போனிலும் மறு முனையை ஆம்ப்ளிஃபயரிலும் செருகினேன். உட்காருங்க என்று சைகை காட்டினேன். அவர் உட்கார்ந்ததும் உன் பதிவைப் போட்டேன்.

உன் குரல் வீடு முழுக்க நிரம்பிவிட்டது சிட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சண்டைக்கு இறங்கி வந்த டியூஷன் டீச்சர் கதவருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி மாடிக்குப் போனாள். அப்பா முதலில் அசையவே இல்லை. பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் நீ, ஏம்ப்பா, நான் என்ன தப்புப் பண்ணேன், ஒரு வார்த்தை வான்னு சொல்ல மாட்டீங்களா என்று கேட்டாய் பார், அதோடு பதிவு முடிந்தது. அப்பா எழுந்தார். ஸ்பீக்கருக்கு நேரே போய் நின்றுகொண்டு, அந்த மரப்பெட்டியைப் பார்த்து, உனக்குப் பதில் சொன்னார். அது பதிவு என்பதே அவருக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். குனிந்து பெட்டியின் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, ஏன் பேச மாட்டேங்கறா, எம்மேல கோபமா என்றார்.

அது முன்னாடியே பேசி அனுப்பினதுங்க என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். அப்ப நான் சொன்னது அவளுக்குப் போகலையா என்றார். போகல என்றேன். எழுதிப் போடு, நான் சொன்னத அப்படியே எழுதிப் போடு, நீயா ஒண்ணும் சேக்காதே என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதமே, மற்றதெல்லாம் நான் சேர்த்ததுதான், என் வாயை உனக்குத் தெரியாதா. காது டாக்டரிடம் போவதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார், கருவி வைக்கிற வரைக்கும் நீ கூப்பிட்டால் போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டித்தான் பேசுவாராம், அதனால் ரகசியம் ஏதாவது இருந்தால் என்னிடம் தனியாகச் சொல், டீச்சர் மாடியிலிருந்தே உனக்குப் பதில் சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவோம், தயவுசெய்து எடு. வேலையை விட்டுவிட்டு வரக் கூடாது, விடுமுறைக்கு மட்டும் வர வேண்டும், அது அப்பா போட்ட கட்டளை, என்னுடையதும் அதுதான். அங்கே உன் அறையில் எந்தச் சாமானில் ஃபியூஸ் போனாலும் வெள்ளிக் காகிதம் கிட்டேயே போகக் கூடாது, பிளக்கைப் பிடுங்கு, எழுத்தையும் எண்ணையும் படி, அதே ஃபியூஸைப் போடு. மூன்றில் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது, என் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.

நோய் நொடி அண்டாமல், எடுத்த வேலையை நல்லபடியாக முடித்து, சிரித்த முகத்தோடு நீ நூறு வயது வாழ வேண்டும் கண்ணு. அப்பா சொன்னதைக் கீழே எழுதுகிறேன். மூன்று முறை அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன், ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லை.

"நீ பேசறது அப்பாவுக்குக் கேக்கலடா சிட்டு, அவ்வளவுதான். வா."

என்றும் உன் நினைவாகவே இருக்கிற,
அம்மா